பூட்டனார் பெயர் என்ன?

பெரியப்பாவின் பதினாறாம் நாள். காரியத்துக்கு உட்கார்ந்த அண்ணனிடம் குருக்கள் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயரும் தாத்தா பெயரும் வந்தன. பூட்டனார் பெயர் வரவில்லை. கூடத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் படத்தில் மாலையோடு இருந்தார்.

அன்பர்களே, நம்மில் பல வீடுகளில் இதே நிலைதான். பந்தலுக்கும் பந்திக்கும் குறை வைப்பதில்லை. போனவர் யார் என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் படத்திறப்பு என்ற வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் படத்தைத் திறந்து வைக்க, சிலர் அவரைப் பற்றிப் பேசுவர். யாழ்ப்பாணத்தார் ஒரு படி மேலே போய், 31ஆம் நாள் அந்தியேட்டியன்று நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பர். 'கல்வெட்டு' என்றும் சொல்வர். வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவார திருவாசகம் எல்லாம் அதில் இருக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் இத்தகைய மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறது.

நமக்கு இது இன்னும் அவசியம். 1941 டிசம்பர் 23இல் இரங்கூனில் குண்டு விழுந்தபின், இலட்சக்கணக்கானோர் தௌங்குப் கணவாய் வழியாகவும் தமு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தனர். 1964இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபின் மேலும் பலர் கப்பல் ஏறினர். போனவர் கதையைச் சென்னை பர்மா பஜாரில் கேட்கலாம். தங்கிவிட்டவர் ஏன் தங்கினார், எதைக்கொண்டு பிழைத்தார் என்பது அந்தந்த வீட்டுப் பெரியவர் நினைவில்தான் இருக்கிறது.

தலைத் திவசத்துக்குள் இதைச் சரிசெய்வது என்று அண்ணன் தீர்மானித்தார். ஊரிலுள்ள அத்தையிடம் தொலைபேசியில் கேட்டுப் பூட்டனார் பெயரைப் பெற்றோம். இளவயதுப் படம் இல்லை. வெளிநாட்டார் பதிவுச் சீட்டில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கினோம். மலர் எட்டுப் பக்கம்: நாலு தமிழ், நாலு பர்மியம். தமிழ் மட்டும் போதும் என்று சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். பேரப்பிள்ளைகள் வாசிக்கப்போவது பர்மியத்தைத்தான் என்று அண்ணன் சொன்னதே சரி. திதியோடு ஆங்கிலத் தேதியும் போட்டோம். திதி ஆண்டுதோறும் நகரும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவரோ குறைந்து வருகின்றனர்.

பேச மூவரே: உறவில் ஒருவர், உடன் வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர். ஆளுக்கு ஐந்து நிமிடம். இதைப் பந்திக்கு முன்னால் வைப்பது உத்தமம்; பின்னால் வைத்தால் கேட்க ஆள் இருக்காது!

பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எந்த ஊர், யாரோடு வந்தீர்கள், 1964இல் ஏன் போகவில்லை என்று மாலை வேளையில் கேட்டால் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

திவசத்தன்று பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா பேசியது எங்கள் மலரில் இல்லாதது. 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் அவர் கூரை பறந்தபோது, பெரியப்பா ஆறு தகரம் கொண்டுபோய்க் கொடுத்தாராம். எங்கள் சமையற்கட்டுக்கு வாங்கி வைத்திருந்த தகரம் அது! திருட்டுப் போய்விட்டதென்று பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார். பெரியம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மலர் அச்சாகிவிட்டதால், அண்ணன் ஒவ்வொரு பிரதியிலும் அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார்.