உஷார்! ஆறே வாரத்தில் டைவிங் இன்ஸ்ட்ரக்டரா?

வேலையை உதறிவிட்டுத் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ் என்றொரு தீவு. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. சும்போனிலிருந்தோ கோ சாமுயிலிருந்தோ படகு பிடித்துத்தான் போக வேண்டும். உலகத்திலேயே அதிகம் பேர் ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் வாங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. தண்ணீர் வெதுவெதுப்பு, கட்டணம் மலிவு. தடுக்கி விழுந்தால் டைவிங் கடை. இங்கேதான் ‘ஜீரோ டு ஹீரோ’ பேக்கேஜ் கொடிகட்டிப் பறக்கிறது. கடலில் முகம்கூடக் கழுவாதவரையும் சில வாரங்களில் இன்ஸ்ட்ரக்டர் ஆக்கிவிடுவார்களாம்.

அதெப்படி? பாடி என்ற பெரிய டைவிங் அமைப்பின் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ரக்டருக்கு முந்தைய படியான டைவ் மாஸ்டர் பயிற்சியில் சேர 40 டைவ், முடிக்க 60. இன்ஸ்ட்ரக்டர் தேர்வில் உட்கார 100 டைவ் பதிவாகியிருக்க வேண்டும். இதெல்லாம் போக, முதல் சான்றிதழ் வாங்கி ஆறு மாதம் ஆகாதவரை இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆக, ஒரு டைவ்கூட அடிக்காதவரிடம் ஆறு வாரம் என்று சொல்பவர் எதையோ மறைக்கிறார். அந்தக் கணக்கு ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவருக்கானது என்பது பொடி எழுத்தில் இருக்கும். அல்லது மிச்ச மாதங்களுக்கும் தீவில் வாடகை கொடுத்துக்கொண்டு நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது அந்த 100 என்ற எண்தான். டைவ் கணக்கைக் குறிக்கும் லாக் புக்கை எழுதுவது நீங்கள். கையெழுத்துப் போடுவது கூட இறங்கிய கூட்டாளி. அவசரக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அலையில்லாத ஒரே வளைகுடாவில், ஆறேழு மீட்டர் ஆழத்தில், இருபது நிமிடம் இருந்துவிட்டு ஏறுவது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்குவது. பக்கம் நிரம்பிவிடும். நீரோட்டம் இழுக்கும்போது எங்கே பிடிப்பது, கண்ணுக்கெதிரே கையே தெரியாத கலங்கலில் நாலு பேரை எப்படிக் கூட்டி வருவது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்காது. தேர்வாளர் கடைக்காரரின் ஆள் இல்லை, அமைப்பே அனுப்பும் ஆள் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு நாள் தேர்வில் அவர் உங்கள் பாடம் நடத்தும் திறமையைப் பார்ப்பார், விதிகளைக் கேட்பார், மீட்புப் பயிற்சியைச் செய்யச் சொல்வார். நூறு டைவில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தேறிவிட்டால், அடுத்த வாரமே எட்டுப் புதியவர்களைக் கடலுக்குள் அழைத்துப்போக விதி இடம் கொடுக்கிறது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவன் மறுநாளே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கதை.

ஒருவர் அடியில் மிரள்கிறார் என்று வையுங்கள். மிரண்டவர் மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். பத்து மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சு மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியும். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். அவர் பாய்வதற்கு முன்பே அவர் கண்ணைப் பார்த்து உங்கள் கை நீண்டிருக்க வேண்டும். இருபது நிமிட டைவ்களை அடுக்கியவருக்கு அந்தக் கை வராது. போகப்போவது உங்கள் வேலை மட்டுமா? அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிர்.

உங்கள் உடம்புக்கும் ஆபத்து இருக்கிறது. காற்று தீர்ந்தால் ஒரே மூச்சை விட்டுக்கொண்டே மேலேறும் பயிற்சியை மாணவர்கள் ஆளுக்கொரு தடவை செய்தால் போதும். இன்ஸ்ட்ரக்டரோ ஒவ்வொருவருடனும் ஏறி இறங்க வேண்டும். காதுக்கும் சைனஸுக்கும் அது தண்டனை. ரத்தத்தில் குமிழி சேரும் ஆபத்தும் கூடவே உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் பேக்கேஜ். எப்படியும் டாக்டர் கையெழுத்தில்லாமல் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியில் சேர முடியாது. முழுப்பணத்தையும் கட்டிவிட்டுத் தீவுக்குப் போய் அங்கே ‘தகுதியில்லை’ என்று கேட்பானேன்?

அடுத்த வலை, ‘இலவசப் பயிற்சி’. சம்பளம் இல்லை, கட்டணமும் இல்லை. பதிலுக்குக் கடையில் உதவி செய்தால் போதும் என்பார்கள். சிலிண்டர் தூக்குவது, உடுப்புகளை அலசுவது, படகில் பயணிகளைக் கவனிப்பது. தாய்லாந்துச் சட்டத்தின் கண்ணில் சம்பளமில்லாவிட்டாலும் அது வேலைதான். வேலை என்றால் வொர்க் பெர்மிட் வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கியவர் அந்தப் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். நாட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள். ‘எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க’ என்று கடையில் சமாதானம் சொல்வார்கள். சோதனைக்கு ஆள் வரும் அன்று அந்த ‘எல்லாரும்’ உங்களுக்குச் சாட்சி சொல்ல வர மாட்டார்கள்.

பேக்கேஜ் விலையில் எது அடங்கும் என்றும் துருவிக் கேளுங்கள். தேர்வுக் கட்டணம், பாடப் பொருட்கள், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி. பாஸானபின் ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம் கட்டாவிட்டால் பாடம் நடத்த முடியாது. சாதாரணப் பயணக் காப்பீட்டை நம்பிக் கடலில் இறங்காதீர்கள். தொழில்முறைப் பயிற்சியும் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போவதும் பல பாலிசிகளில் அடங்காது. குமிழி நோய் வந்து அழுத்த அறையில் படுக்க நேர்ந்தால் செலவு லட்சங்களில் போகும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் மாதிரி, டைவிங்குக்கென்றே இருக்கும் காப்பீட்டைப் பாருங்கள்.

வேலை? கிடைக்கும், கிடைக்காது. பல கடைகளில் மாதச் சம்பளம் கிடையாது, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். நவம்பரில் வளைகுடாப் பக்கம் மழை கொட்டும்போது மாணவரும் குறைவு, கமிஷனும் குறைவு. ஒவ்வொரு மாதமும் புது இன்ஸ்ட்ரக்டர்கள் அதே தீவில் தேறி வெளியே வந்து அதே கடைகளைத் தட்டுகிறார்கள். இந்தி, தமிழ் தெரிந்தது இந்தியப் பயணிகள் வரும் இடங்களில் கொஞ்சம் கைகொடுக்கலாம். அதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள்.

ஆசையை விடச் சொல்லவில்லை. முதல் சான்றிதழைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ வாங்குங்கள். ஆறு மாதக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிடும். வேலையில் இருந்துகொண்டே கலங்கல், நீரோட்டம், இரவு என்று வெவ்வேறு கடலில் நிதானமாக இறங்குங்கள். பயிற்சி தருகிறவரின் உறுப்பினர் எண் செல்லுபடியாகிறதா என்பதைப் பாடி தளத்திலேயே சரிபார்க்கலாம். அப்புறம் கடைக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: பயிற்சிக் காலத்தில் நான் எந்த விசாவில் இருப்பேன், வொர்க் பெர்மிட் யார் எடுப்பார், விலையில் அடங்காதவை எவை? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.