ஒளியில் விழுந்தவை – 9: பத்தொன்பது அடிப் படம்

1838இல் டாகேர் எடுத்த பாரீஸ் தெருப் படத்தில், ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒரே காரணத்தால் பதிவாகிவிட்ட மனிதரைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் தஞ்சாவூர், 1858.

லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். 1855இல் பர்மா சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தவர். அடுத்த ஆண்டே மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857 கடைசியில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார்.

அவருடைய நெகட்டிவ் கண்ணாடியில் அல்ல, மெழுகூட்டிய காகிதத்தில். அதிலிருந்து எடுக்கும் பிரிண்டில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் சும்மா விடவில்லை; நெகட்டிவின் மேல் வண்ணம் தீற்றி மேகங்களை வரவழைத்தார். நம்மூர் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்பார்களே, அதேதான். கோபுரமும் தெப்பக்குளமும் மேகமுமாக அந்தப் படங்கள் அழகானவைதான். ஆனால் அந்த அழகை அன்றைய ஓவியர்களும் தந்திருப்பார்கள்.

என்னை அசத்துவது வேறொன்று. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுக்க, டிரைப் கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி வைத்தார். ஒரு துண்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். இப்படி 21 பிரிண்டுகளை ஒட்டியதில் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் வந்தது. அதில் வானம் இல்லை, கோபுரம் இல்லை. கல், கல்மேல் எழுத்து, தூண் தூணாக நிழல். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் நாமும் நடந்தாக வேண்டும்.

இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அப்போது குழப்பம். கரிகாலன் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ஷ் இந்தச் சுவர்களைப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. படமெடுத்த டிரைப்புக்கு அந்த எழுத்துகள் வெறும் வடிவங்கள். அழகான கோணம் தேட அந்த வேலையில் இடமே இல்லை. ஒரு குமாஸ்தாவின் பொறுமையோடு ஒரு வரியும் விடாமல் எடுத்திருக்கிறார். மேகம் தீட்டிய படங்களைவிட இதைத்தான் துணிச்சலான வேலை என்பேன்.

1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இதெல்லாம் வீண்செலவு என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் கேமராவைத் தொட்டது அபூர்வம்.

இதே நடையை 1966இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே நடந்தார். நடந்தார் என்பதுகூடத் தவறு. பிக்கப் வண்டியில் கேமராவைப் பொருத்தி, சன்செட் ஸ்ட்ரிப் சாலையின் இருபுறமும் இருந்த அத்தனை கட்டடங்களையும் எடுத்து, விசிறி மடிப்புப் புத்தகமாக்கினார். விரித்தால் 20 அடிக்கு மேல் நீளும். பெயர்பெற்ற கிளப்புக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் காலி மனைக்கும் அதில் ஒரே மரியாதை. அந்தப் புத்தகத்தை அடுத்த வாரம் விரித்துப் பார்க்கலாம்.

(தொடரும்)