பழவேற்காடு: ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் தீவு

எதிரே தெரியும் நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வங்கக் கடலின் அலைகள் இதற்குள் நேரே பாயாமல் தடுத்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு. 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படும் இடம் அது.

தெற்கேயிருந்து ஆரணியாறும் வடமேற்கேயிருந்து காளங்கியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே உப்புநீர் நுழைகிறது. இறாலும் நண்டும் மடவையும் இந்தக் கலப்பில்தான் வளர்கின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் மீனவர் பிழைப்பு முடங்கும். வலை போடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டை இங்குள்ள மீனவ ஊர்கள் தலைமுறைகளாகக் காத்துவருகின்றன. பார்க்க வருவோர் கட்டாயம் கேட்டறிய வேண்டியது இதுவே.

1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குப் பல ஆண்டுகள் இதுவே தலைமையிடம். இங்கிருந்து நெசவுத் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. அங்கிருந்து வாசனைப் பொருட்கள் வந்தன. அதே கப்பல்களில் பஞ்சத்தில் அகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களும் அடிமைகளாக, அத்தீவுகளில் இருந்த பட்டாவியா நகருக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் செதுக்குக் கற்களைப் பார்க்கும்போது அவர்களையும் நினையுங்கள்.

ஏரிக்கு வரும் பூநாரைகளைக் காணக் குளிர்காலமே ஏற்றது. படகில் சத்தமின்றிச் செல்லுங்கள். கூட்டத்தின் அருகே போகாதீர்கள்.