ஈயம்: ஒரு பெயர், இரு உலோகங்கள்



1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, பின்பு காட்டுவழியே நடந்து அம்பாங்கை அடைந்தார்கள். ஒரு மாதத்திற்குள் 69 பேர் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். அப்படி அவர்கள் தேடி வந்த பொருள் என்ன? மலாயில் தீமா, தமிழில் ஈயம்.

பழைய கார் பேட்டரிக்குள் இருக்கும் உலோகத்தையும் நாம் ஈயம் என்றே சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? அல்ல. அம்பாங்கில் தோண்டியது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இதைப் பிரித்தறிய அணுவுக்குள் சற்றே எட்டிப் பார்ப்போம்.

எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே கரு இருக்கிறது. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் பல அடுக்குகளில் அமைந்திருக்கின்றன. புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண்.

தோட்டத்துப் பெரட்டில் இரண்டு முனியம்மாக்கள் இருந்தால், கிராணியார் எண்ணைக் கொண்டுதானே பிரித்தறிவார்? அதுபோலத்தான் இதுவும். வெள்ளீயத்தின் அணு எண் 50. காரீயத்தின் அணு எண் 82.

அப்படியானால் இரண்டுக்கும் உறவே இல்லையா? உண்டு. தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் கார்பன் 6, சிலிக்கான் 14, ஜெர்மானியம் 32, வெள்ளீயம் 50, காரீயம் 82. இவை அனைத்திற்கும் கடைசி அடுக்கில் நான்கு எலக்ட்ரான்கள். பிற அணுக்களோடு சேருவதும் விலகுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கின் வேலையே. நாம் வெட்டிய ரப்பர் பாலிலும் கார்பன் உண்டு. அம்பாங் ஈயக்கல்லில் வெள்ளீயத்தோடு ஆக்சிஜன் சேர்ந்திருக்கும். அதைக் கரியோடு உலையில் இட்டால், கரியிலுள்ள கார்பன் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்; வெள்ளீயம் உருகி வெளிவரும்.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் தம் அட்டவணையை வெளியிட்டபோது, சிலிக்கானுக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டிய தனிமத்தின் குணங்களையும் பின்னர் முன்கூட்டியே சொன்னார். 1886இல் ஜெர்மனியில் விங்க்ளர் அதைக் கண்டுபிடித்தார். அதுவே ஜெர்மானியம்.

ஆனால் நேயர்களே, உறவு என்பதால் குணம் முற்றும் ஒன்றாகிவிடாது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால்தான். அந்த இடத்தில் காரீயம் கலந்தால், புளியின் புளிப்பு அதைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். காரீயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்துப்போல் நடித்து எலும்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது.

கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஆகையால் பாத்திரம் வாங்கும்போதும் பூசக் கொடுக்கும்போதும், "காரீயம் கலக்காத வெள்ளீயமா?" என்று கேளுங்கள். உறுதியான பதில் கிடைக்காவிட்டால், அதில் சமைக்காதீர்கள். தூண்டில் குண்டு செய்வதற்காகப் பேட்டரி ஈயத்தை வீட்டில் உருக்கவே வேண்டாம்; அதன் புகையும் தூசியும் நஞ்சு.

ஐம்பதும் எண்பத்திரண்டும் வெறும் பாடப்புத்தக எண்கள் அல்ல. நம் பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பதைச் சொல்லும் எண்கள் அவை.