மூடி திறந்தால் செறிவு மாறும்

மழைக்காலத்தில் குருவிநத்தத்து வீடுகளில் உப்பு ஜாடி கசிந்து நிற்கும். தென்பெண்ணையாறு பக்கத்தில், கடலும் அதிகத் தொலைவில் இல்லை. காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பாகூர் வட்டாரத்தில் வேதியியல் செய்முறைக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஈரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விடை தவறும்போது கை சரியில்லை என்று திட்டு வாங்குகிறார்கள். பல நேரம் கோளாறு கரைசலில்தான்.

தரம் பார்த்தலில் காற்று அதிகம் கெடுப்பது சோடியம் ஹைட்ராக்சைடைத்தான். 250 மி.லி. அளவில் 0.1 மோலார் கரைசலுக்கு 1 கிராம் வேண்டும். வெள்ளை வில்லைகளை வாட்ச் கிளாஸில் போட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அவற்றின் மேல் பளபளப்பு ஏறும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும், தராசின் எண்ணும் மெல்லக் கூடும். கூடியது காரமல்ல, தண்ணீர். அந்த 1 கிராமில் 0.05 கிராம் ஈரம் இருந்தால் கரைசல் 0.095 மோலார்தான். அப்போது 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி.க்கு பியூரெட்டில் 10 மி.லி. போதாது, ஏறத்தாழ 10.5 மி.லி. இறங்கும்.

ஈரத்தைவிட நுட்பமான தொல்லை கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மூலக்கூறு காரத்தைத் தின்று ஒரு மூலக்கூறு சோடியம் கார்பனேட்டைத் தருகிறது அது. பினாப்தலீன் போட்டுச் செய்தால் அந்தக் கார்பனேட் பைகார்பனேட் ஆகும் கட்டத்திலேயே நிறம் மாறிவிடும். இழந்த காரத்தில் பாதி கணக்கிலேயே வராது. மெத்தில் ஆரஞ்சு போட்டால் கார்பனேட் முழுவதும் கணக்கில் வந்துவிடும். ஒரே புட்டி, இரண்டு நிறங்காட்டி, இரண்டு விடை! முடிவுநிலையில் வந்த இளஞ்சிவப்பு, குடுவையை அப்படியே வைத்தால் மறைவதும் இதே வாயுவால்தான். அதைப் பார்த்து மேலும் ஒரு சொட்டு விடக் கூடாது. அரை நிமிடம் நிறம் நின்றால் போதும்.

மோர் உப்புக் கரைசலை ஆக்சிஜன் கெடுக்கிறது. இரும்பு(II) இரும்பு(III) ஆக, வெளிர்பச்சை மஞ்சளிக்கும், பெர்மாங்கனேட் குறைவாகச் செலவாகும். கரைக்கும்போதே நீர்த்த கந்தக அமிலம் சேர்ப்பது, கரைசல் கலங்காமலும் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாமலும் இருக்கத்தான். பெர்மாங்கனேட்டுக்குக் காற்றைவிடத் தூசும் வெளிச்சமும் எதிரி. பழுப்புப் புட்டியில் வையுங்கள்.

ஏரித் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் விங்க்லர் தந்த முறையிலும் இதே கவனம் தேவை. பாகூர் ஏரியில் மாதிரி எடுத்தாலும் புட்டியை விளிம்புவரை நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடி, கரையிலேயே ஆக்சிஜனை வேதிப்பொருளால் பிடித்துவைக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்றிலுள்ள ஆக்சிஜனும் தண்ணீரின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆக்சாலிக் அமிலப் படிகம் சாதாரணக் காற்றில் இப்படி மாறுவதில்லை. எடையை நம்பலாம், 250 மி.லி. 0.05 மோலாருக்கு 1.575 கிராம். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: காரப் புட்டியை எடுத்த கையோடு ரப்பர் அடைப்பானால் மூடுங்கள், தயாரித்த தேதியை ஒட்டுங்கள், செய்முறை நாளன்று ஆக்சாலிக் அமிலத்தோடு தரம் பார்த்துக் கிடைத்த செறிவையே கணக்கில் போடுங்கள்.