தலையில்லா ராட்சத மரவட்டை

2018 ஜனவரியில், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரையில் ஹவிக் என்ற இடத்தில், குன்றிலிருந்து உருண்டு விழுந்து பிளந்து கிடந்த மணற்பாறை ஒன்று அவ்வழியே போன முன்னாள் ஆய்வு மாணவரின் கண்ணில் பட்டது. உள்ளே முக்கால் மீட்டர் நீளத்துக்கு வரிவரியாக ஒரு புதைபடிவம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நீல் டேவிஸ் குழு 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, முழு விலங்கின் நீளம் சுமார் 2.6 மீட்டர், அகலம் 55 செ.மீ., எடை 50 கிலோ. பெயர் ஆர்த்ரோப்ளூரா. நம் வீட்டுக் கொல்லையில் சுருண்டு கிடக்கும் மரவட்டையின் உறவு.

32.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது அங்கே ஊர்ந்தபோது, இன்று குளிரில் நடுங்கும் அந்த நிலம் பூமத்தியரேகையை ஒட்டி இருந்தது. டைனோசர்கள் வருவதற்கு இன்னும் பல கோடி ஆண்டுகள் பாக்கி.

ஏன் இத்தனை பெரிய உடல்? 'காற்றில் ஆக்சிஜன் அதிகம்' என்பதுதான் பள்ளிப் பாடம் தொட்டு நாம் கேட்டுவரும் பதில். பூச்சிகளுக்கும் மரவட்டைகளுக்கும் நுரையீரல் கிடையாது. உடலோரத் துளைகள் வழியே நுழையும் காற்று நுண்குழல்களில் பரவித்தான் திசுக்களைச் சேரவேண்டும். உடல் பெருக்கப் பெருக்க அது சிரமம். கார்பனிஃபெரஸ் என்ற அந்தப் புவியியல் காலத்தின் பிற்பகுதியில், சதுப்புநில மரங்கள் மட்காமல் புதைந்து நிலக்கரியானதால் ஆக்சிஜன் மிஞ்சியது. இன்றைய 21 சதவீதத்துக்கு எதிராக 30ஐத் தாண்டியிருக்கலாம் என்கின்றன கணிப்புகள். பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த மெகானியூரா என்ற தும்பியினப் பூச்சிக்கு இறக்கை விரிப்பு மட்டும் 65 செ.மீ.க்கு மேல். கதை கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஹவிக் பாறைதான் பொருந்தவில்லை. அந்த விலங்கு வாழ்ந்தது ஆக்சிஜன் உச்சம் தொடுவதற்கு முன். அன்றைய காற்று இன்றையதைவிடச் சற்றே செறிவானது, அவ்வளவுதான். ஆக, காற்று மட்டுமே காரணம் என்பது இனி செல்லாது. சத்தான தீனி தாராளமாகக் கிடைத்திருக்க வேண்டும் என்கிறார் டேவிஸ். விதைகளும் கொட்டைகளும் தின்றிருக்கலாம், சிறு உயிர்களையும் வேட்டையாடியிருக்கலாம் என்பது அவர் ஊகம்.

என்ன தின்றது என்று சொல்ல வாயைப் பார்க்க வேண்டும். சங்கடம் அங்கேதான். கிடைப்பவை பெரும்பாலும் உரித்துப்போட்ட சட்டைகள். ஹவிக்கில் கிடைத்ததும் அப்படி மணல் நிரம்பிய சட்டையாகவே இருக்கலாம். அவற்றில் தலை மிஞ்சுவதில்லை.

2024இல்தான் வழி பிறந்தது. பிரான்சின் மான்சோ-லே-மைனில் முன்பே எடுத்த பாறை உருண்டைகளை உடைக்காமல் ஸ்கேன் செய்தபோது, சில சென்டிமீட்டரே நீளமுள்ள இரண்டு குட்டிகளின் தலைகள் தெரிந்தன. உடல் மரவட்டையுடையது, தாடையோ பூரானை நினைவூட்டுகிறது, கண்களோ நண்டுக்கு இருப்பதுபோல் காம்பின் மேல். பூரானின் விஷக்கொடுக்கு இல்லை. எனவே இது வேட்டைக்காரன் அல்ல, மட்கிய இலைதழை தின்னி என்ற கட்சிக்கே பலம் கூடியிருக்கிறது. காம்புக் கண் நிலத்து விலங்குக்கு எதற்கு, வளர்ந்த பின்னும் அது இருந்ததா என்பதற்கு விடை சொல்லப் பெரிய விலங்கின் தலை வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை.