விரிசல் விட்ட எஞ்சின்

கொல்கத்தா என்றதும் பலருக்கு நினைவு வருவது மஞ்சள் டாக்சி. அது அம்பாசடர் கார். கொல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் 1957 முதல் 2014 வரை இந்தக் காரைச் செய்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். 15 ஆண்டு ஆன டாக்சிகள் நகரில் ஓடக் கூடாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மஞ்சள் டாக்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனாலும் பழைய அம்பாசடரை ஆசையோடு வைத்திருப்பவர்கள் உண்டு.

அந்தக் காரின் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டால் என்ன செய்வது?

மல்லிக் பஜாரில் பழைய கார் சாமான் கடைகள் உள்ளன. அங்கே வேறு பிளாக் தேடலாம். ஆனால் பிளாக்கை மாற்றினால் எஞ்சின் எண் மாறிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் பழைய எண் இருக்கும். அதைத் திருத்த அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஆகவே இருக்கும் பிளாக்கைச் சரி செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள்.

பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. அது வார்ப்பிரும்பால் ஆனது. பழைய தோசைக்கல்லும் அதே இரும்புதான். கீழே விழுந்தால் அது வளையாது, உடையும். பிளாக்கின் சுவருக்குள் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும். தண்ணீர் வற்றினால் எஞ்சின் கொதிக்கும். அவசரத்தில் சிலர் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். எரிகிற லாந்தர் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? இங்கேயும் அதுதான் ஆகும்.

ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறையும். எஞ்சின் எண்ணெய் பால் காப்பி நிறமாகும். கேஸ்கட் கெட்டாலும் இப்படி ஆகும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

விரிசல் தலைமுடி போல மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவுவார். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைப் பூசுவார். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசியும். வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு தெரியும்.

வெல்டிங் வைத்தால் போதாதா? போதாது. ஒரு இடத்தில் மட்டும் சூடு பட்டால் பக்கத்தில் புது விரிசல் விடும். முழு பிளாக்கையும் சூடாக்கி, வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். எல்லாப் பட்டறையிலும் இதற்கு வசதி இல்லை.

வேறு வழி, இரும்பைத் தைப்பது. இதற்குச் சூடே வேண்டாம். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போடுவார்கள். அதற்கு மேல் விரிசல் ஓடாது. பிறகு கோட்டின் மேல் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியை இறுக்குவார்கள். அடுத்த துளை, முதல் திருகாணியின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு விழ வேண்டும். அப்போதுதான் இடைவெளி இருக்காது. இப்படியே கடைசி வரை போவார்கள். நீட்டியதை வெட்டி, சுத்தியலால் தட்டி, ராவிவிடுவார்கள். பொறுமையான வேலை. ஒரு துளை கோணினாலும் தண்ணீர் கசியும்.

பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரிலேயே விரிசல் என்றால் தையல் மட்டும் போதாது. லேத்துப் பட்டறையில் உள்ளே ஸ்லீவ் போட வேண்டும்.

கடைசியில் சோதனை. தண்ணீர் போகும் வழிகளை அடைத்துவிட்டு உள்ளே காற்றடிப்பார்கள். பிளாக்கைத் தண்ணீரில் முக்குவார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வராவிட்டால் எஞ்சினைப் பூட்டலாம். குமிழி வந்தால் அந்த இடத்தில் இன்னொரு திருகாணி.